ஸ்டாண்டு போட்ட கியர் சைக்கிள்

மதுரை சிம்மக்கல்லில் என் கடைக்கு முன்னால் அந்தக் காலத்தில் தொங்கிய போர்டில், "எல்லா வகைச் சைக்கிள்களும் இங்கே ரிப்பேர் செய்யப்படும்" என்று எழுதியிருந்தது. எழுதியது பெயிண்டர், சொன்னது நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் அந்த வரியில் எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். "எல்லா" என்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னதும் நான்தான். அந்த ஒரு சொல் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்குப் பிடிபடாது.

எழுபதுகளில் சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சிம்மக்கல்லுக்கு வருவார்கள். கேரியரில் ஆள் உயரத்துக்குக் கட்டு இருக்கும். சைக்கிளோடு வருகிற ஸ்டாண்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. நிறுத்திவிட்டு டீ குடிக்கத் திரும்பினால் சைக்கிள் சாய்ந்து, வெற்றிலை ரோட்டில் கிடக்கும். இதைப் பார்த்துப் பார்த்து நானே ஒரு ஸ்டாண்டு செய்தேன். பட்டை இரும்பில் இரண்டு கால். பின்சக்கர அச்சின் இரண்டு பக்க நட்டுக்கும் அடியில் தடித்த தகடு கொடுத்து இறுக்கவேண்டும். காலால் தூக்கிவிட்டால் விறைப்பான ஒரு ஸ்பிரிங் அதை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிளின் சீட்டில் ஏறி நின்று பல்பு மாட்டலாம். நான் மாட்டிக் காட்டியிருக்கிறேன், பத்துப் பேர் பார்க்க. மணிக்கணக்கு வாடகைக்கு நாலு ஓட்டைச் சைக்கிள் வைத்துக்கொண்டிருந்த என்னைக் கடைக்காரனாக்கியது அந்த ஸ்டாண்டுதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். என் கடையில் முழுசாகக் கழற்றி ஓவராயில் செய்த எந்தச் சைக்கிளும் என் ஸ்டாண்டு இல்லாமல் வாசலைத் தாண்டாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஆடி பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு பெண் காற்றில்லாத சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டிரில் டீச்சர். சோழவந்தான்காரர். அவருடைய அப்பா கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர், பிறகு சொந்தமாகக் கட்டு ஏற்றி விற்றவர். அவர் கட்டு ஏற்றிய சைக்கிளுக்கும் என் ஸ்டாண்டுதான். இதைக் கேட்டதுமே எனக்கு நெஞ்சு ஓர் அங்குலம் அகன்றுவிட்டது.

அவர் தள்ளி வந்த சைக்கிள் வேறு சாதி. ஊர் ஊராக மிதித்து வந்த ஒரு வெள்ளைக்காரர் மதுரைக்கு வந்ததும் வயிறு கெட்டு, சைக்கிளை லாட்ஜில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். லாட்ஜில் வேலை பார்த்த சொந்தக்காரர் வழியாக அது டீச்சர் கைக்கு வந்தது. ஹேண்டில் பார் கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. பின்சக்கரத்தில் நம் சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஒரு பல்சக்கரம் இல்லை. பெரிதிலிருந்து சிறிதாக ஐந்து, தாம்பாளம் அடுக்கியது மாதிரி. அதற்குக் கீழே முழங்கை மடக்கியது போல ஓர் இரும்புக் கை தொங்கியது. சட்டத்தில் இருக்கிற லீவரைத் தள்ளினால் கம்பி இழுக்கும், கை அசையும், செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவும். சுருக்கமாகப் பல் என்போம். பெரிய பல்லில் மிதிப்பது லேசு. சின்னப் பல்லில் வேகம்.

"அண்ணே, இதுல கியர் இருக்கு. பாத்துருவீகளா?"

"போர்டைப் பாத்துட்டுத்தான டீச்சர் வந்தீக?"

"பாத்தேன். அதுல கியருன்னு இல்லையே."

"எல்லான்னு இருக்குல்ல."

விஷயம் இதுதான். ஆடியில் திருப்பரங்குன்றத்தில் பெண்களுக்குச் சைக்கிள் ரேஸ். அங்கிருந்து திருமங்கலம் ரோட்டில் போய்த் திரும்பி வரவேண்டும். முதல் இரண்டு பேரை மெட்ராஸுக்கு மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே ஓட்டிவிட்டு வந்த சான்றிதழ் இருந்தால் டீச்சருக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த வருஷத்தோடு சரி, இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"எனக்குக் காலு இருக்குண்ணே. ஆனா ஆடிக் காத்துல போறப்ப லேசான பல்லு வேணும். வாரப்ப வேகமான பல்லு வேணும். மத்த பிள்ளைக எல்லாம் காலேஜ்ல குடுத்த கியர் சைக்கிள்ல வாராக."

நான் அதற்கு முன் கியர் சைக்கிளைத் தொட்டதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றுதான் சொன்னேன்.

சைக்கிளை அக்கு அக்காகக் கழற்றினேன். பால்ரஸ் குண்டுகளை மாற்றினேன், சக்கரத்தில் கோட்டம் எடுத்தேன், மண்ணெண்ணெயில் செயினை ஊறப்போட்டேன். கடைசியில், காசு வாங்காமல், பரிசாக, என் ஸ்டாண்டை மாட்டினேன். லேசில் உட்காரவில்லை. கியர்க் கை தொங்குகிற தகடும் அச்சு நட்டுக்கு அடியில்தான் இருந்தது. இடம் போதாது. என்னை யார் என்று நினைத்தது அந்தச் சைக்கிள்? ஸ்டாண்டுத் தகட்டை அரத்தால் தேய்த்து, சுத்தியலால் தட்டி மெலிதாக்கி, சட்டத்துக்கும் கியர்த் தகட்டுக்கும் நடுவில் சொருகி, நட்டை முறுக்கிவிட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். "ரேஸ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு எதுக்குண்ணே?"

"ஜெயிச்சுட்டு வந்து எங்க நிறுத்துவீக?"

சிரித்துவிட்டார். நானும் பக்கத்து டீக்கடைக்காரனைக் கூப்பிட்டேன். அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. சொந்தம் எதுவும் கிடையாது, பத்து வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, லீவரைத் தள்ளிக் காட்டினேன். செயின் ஒன்று, இரண்டு, மூன்று என்று படி ஏறியது. இறங்கியது. வெண்ணெயில் கத்தி போவது மாதிரி.

"எப்படி மாப்ள?"

"நல்லாத்தான் இருக்கு. ஓட்டிப் பாக்க வேணாமா?"

டீச்சர் ஏறி வைகைப் பாலம் வரை போனார். அரை மணி நேரம் கழித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கை முழுக்கக் கருப்பு மை. பெரிய பல்லுக்குச் செயின் ஏறவே மாட்டேன் என்கிறதாம். திருப்பி விட்டால் இரண்டு பல்லை ஒரே தாவாகத் தாவி, சின்னப் பல்லையும் தாண்டி, பல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்கிறதாம்.

வாங்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி.

அடுத்த மூன்று வாரம் நான் அந்தச் சைக்கிளுக்குச் செய்த வைத்தியத்தை ஒரு மனுஷனுக்குச் செய்திருந்தால் ஜெயிலில் போட்டிருப்பார்கள். முதலில் கம்பி சரியில்லை என்றேன். அதற்குப் பதிலாக ஒரு பிரேக் கம்பியை அளவாக வெட்டிப் போட்டேன். ஸ்டாண்டில் நன்றாக வேலை செய்தது. டீச்சர் ஓட்டிப் போனார், தள்ளிக்கொண்டு வந்தார். கியர்க் கையில் இரண்டு குட்டித் திருகாணிகள் இருந்தன. ஒன்று கை எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதற்கு, இன்னொன்று வெளியே. இது எனக்குத் தெரியப் பாதி நாள் ஆனது. திருப்புளியை வைத்து அதைக் கால் சுற்று, இதைக் கால் சுற்று என்று திருகி, ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். அருமை. ஓட்டிப் போனார், தள்ளிக்கொண்டு வந்தார். செயின் தொளதொளவென்று இருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டி இரண்டு கண்ணி கழற்றினேன். நம் சைக்கிளில் செயின் தொங்கினால் கண்ணி கழற்றுவதுதானே முறை. அன்றைக்குப் பெரிய பல்லில் செயின் மாட்டி, கியர்க் கை கயிற்றில் இழுத்த ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணியைத் திரும்பக் கோர்த்தேன்.

ஏறி நீயே ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு தடவை ஏறினேன். வேட்டி நுனியைச் செயின் பிடித்துக்கொண்டது. கிடாக் கொம்பில் குனிந்தபடி, இடுப்பில் பாதி வேட்டியோடு, வெற்றிலை மண்டிக்கு எதிரே நின்றேன். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்கிற வேலையை டீச்சரிடமே விட்டுவிட்டேன்.

"மாப்ள," என்றான் டீக்கடைக்காரன். "அந்த டீச்சரு சைக்கிளை ஓட்டிட்டுப் போறதைப் பாத்திருக்கேன். ஓட்டிட்டு வந்து பாத்ததில்லை."

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "சைக்கிள்ல தப்பில்லை டீச்சர். எங்கிட்ட நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்க மிதிக்கிறதுதான் சரியில்லை போல."

கையைத் துணியில் துடைத்தார். "ஆமாண்ணே. காலு சரியில்லாமத்தான் டிரில் டீச்சரா வச்சிருக்காக."

அந்தச் சொல்லை நான் விட்டிருக்கக் கூடாது. கடையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ அளந்திருக்கிறேன். அது மட்டும் இன்னும் மறக்கவில்லை. அவர் போன பிறகு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்துக் கியர்க் கைக்கு மேலே கட்டினேன். கண் பட்டிருக்கலாம் என்று டீக்கடைக்காரன்தான் சொன்னான். அவன் கிண்டலுக்குச் சொன்னது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதோடு ஆறாவது தடவையாக, "இப்பச் சரியாப் போச்சு டீச்சர்" என்று சொல்லி அனுப்பினேன். எலுமிச்சம்பழம் பாலத்தைத் தாண்டவில்லை. செயின் அதற்கு முன்பே கழன்றிருந்தது.

ரேஸ் அன்று காலை டவுன் பஸ் பிடித்துத் திருப்பரங்குன்றம் போனேன். டீக்கடைக்காரனும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தான். எனக்குத் துணைக்கு என்றான். வேடிக்கை பார்க்க என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏழு பெண்கள். ஏழு கியர் சைக்கிள்கள். காற்று திருமங்கலம் பக்கமிருந்து மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

"அண்ணே, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நடுப் பல்லுல செயினைப் போட்டுட்டேன். லீவரைத் தொடப் போறதில்லை. போறப்பயும் அதே, வாரப்பயும் அதே. வழியில செயின் கழண்டா எல்லாம் போச்சு."

"இந்தக் காத்துல நடுப் பல்லுல எப்படி..."

"என்னண்ணே செய்யச் சொல்றீக?"

அப்போது விசிலைக் கழுத்தில் மாட்டிய நடுவர் ஒருவர் வரிசையாகச் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். டீச்சர் சைக்கிளிடம் வந்ததும் நின்றார்.

"இது என்ன?"

"ஸ்டாண்டு சார்," என்றேன் நான், கேட்காமலே.

"அது தெரியுது. ரேஸ் சைக்கிள்ல ஸ்டாண்டு, மட்கார்டு எதுவும் கூடாது. விழுந்தா மத்தவங்க மேல குத்தும். கழட்டுங்க."

"சார், இது சாதாரண ஸ்டாண்டு இல்லை. இதுல ஏறி நின்னு பல்பு..."

"கழட்டுறீங்களா, பேரை அடிக்கவா?"

ஸ்பேனரை எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் மாட்டிய ஸ்டாண்டை நானே கழற்றியது அதுதான் முதல் தடவை. நட்டைக் கழற்றித் தகடுகளை உருவினேன். கியர்த் தகட்டைச் சட்டத்தோடு ஒட்டி வைத்து, சக்கரத்தை நடுவில் நிறுத்தி, இறுக்கினேன். டீக்கடைக்காரன் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கினான். சக்கரம் உரசுகிறதா என்று பார்க்கப் பெடலைச் சுற்றினேன். பழக்க தோஷம், இடது கை தானாக லீவருக்குப் போய்விட்டது.

செயின் ஏறியது. இறங்கியது. பெரிய பல், சின்னப் பல், ஒரு சத்தம் இல்லை.

"மாப்ள, அதான் உங்கிட்ட எப்பவும் வேலை செய்யுதே," என்றான் அவன்.

ஆமாம். என்னிடம் எப்போதும் வேலை செய்யும். ஸ்டாண்டில் நிற்கும்போது. இப்போது ஸ்டாண்டே இல்லை, அப்படியும் வேலை செய்கிறது. அப்போதுதான் முதல் தடவையாக அதை யோசித்தேன். நான் சோதித்ததெல்லாம் ஸ்டாண்டு கீழே ஊன்றியிருக்கும்போது. டீச்சர் ஓட்டியதெல்லாம் ஸ்டாண்டு மேலே தூக்கியிருக்கும்போது. கீழே கிடந்த தகட்டை எடுத்துப் பார்த்தேன். நான் சுத்தியலால் தட்டிய பக்கம் வளைந்து, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஸ்டாண்டு ஊன்றியிருந்தால் சைக்கிளின் பாரத்தில் தகடு தட்டையாகப் படிந்துகொள்ளும். தூக்கிவிட்டால் என் விறைப்பான ஸ்பிரிங் அதை ஒரு பக்கமாக இழுக்கும். தகடு கோணும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிற கியர்க் கையும் கோணும். மூன்று வாரமாகக் கம்பியையும் திருகாணியையும் செயினையும் ஒரு பெண்ணின் காலையும் குற்றம் சொன்னேனே, குற்றவாளி என் பரிசு.

சுற்றிலும் ஆட்கள். காலேஜ் பெண்களோடு வந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர், எனக்குத் தெரிந்தவர்கள். என் ஸ்டாண்டை வாங்கித் தங்கள் கடையில் மாட்டுகிறவர்கள். பேசாமல் ஸ்டாண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போயிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. போகத்தான் பார்த்தேன். நாலு எட்டு வைத்தேன் என்று நினைக்கிறேன். காற்று மண்ணை எடுத்து மூஞ்சியில் அடித்தது. இதில்தானே அந்தப் பிள்ளை நடுப் பல்லை வைத்துக்கொண்டு மிதிக்கப் போகிறது என்று தோன்றியதும் திரும்பிவிட்டேன்.

"டீச்சர், கியர் சரியாப் போச்சு. லீவரைத் தொடுங்க."

ஹேண்டிலில் குனிந்திருந்தவர் நிமிரவில்லை. "இது ஏழாவது தடவைண்ணே."

"இந்தத் தடவை நெசமாவே சரியாப் போச்சு."

"போன தடவையும் எலுமிச்சம்பழத்தோட நெசமாத்தான் இருந்துச்சு. விடுங்கண்ணே."

ஆறு தடவை பொய்யான வாயை ஏழாவது தடவை யார் நம்புவார்கள்? காரணத்தைச் சொன்னால்தான் நம்புவார். காரணம் என் கக்கத்தில் இருந்தது.

"தாயி," என்றேன். அதுவரை அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "தப்பு கியர்ல இல்லை. இந்தா, இந்த ஸ்டாண்டுல. நான் மாட்டுனதுதான். இதைத் தூக்கிவிட்டா தகடு கோணிக்குது, கியரை இழுக்குது. ஊண்டி வச்சா சரியாயிருது. அதான் எங்கிட்ட வேலை செஞ்சுச்சு, உன்கிட்ட செய்யலை."

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு மெக்கானிக்குகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் ஸ்டாண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இம்புட்டு நாளும் இதுதானா?"

"இம்புட்டு நாளும்."

"அப்ப என் காலு நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு."

இறங்கி, ஒரு கையால் சீட்டைத் தூக்கி, மறு கையால் பெடலைச் சுற்றினார். நான் லீவரைத் தள்ளினேன். பெரிய பல்லுக்குப் போனது. இன்னொரு தடவை தள்ளச் சொன்னார். சின்னதுக்கு வந்தது. மூன்றாவது தடவை பெடலை என்னைச் சுற்றச் சொல்லிவிட்டு, லீவரை என்னைத் தொட விடாமல் அவரே தள்ளிப் பார்த்தார். அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார். விசில் ஊதியதும் ஏழு பேரும் காற்றுக்குள் நுழைந்து போனார்கள். நான் பார்த்த வரை அவருடைய கை லீவரில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். நான் புளியமரத்தடியில் ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே வைத்தால் விழுந்தது. சைக்கிள் இல்லாமல் அது நிற்காது என்பதைக்கூட அன்றைக்குத்தான் கவனித்தேன். அந்த மெக்கானிக்குகளில் ஒருவர் வந்து, "அண்ணே, எங்க கடையில மாட்டுனதெல்லாம்..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் கியர் இல்லாத சைக்கிளு தம்பி. பயப்படாதீக."

"இல்லை, கேட்டுக்கிட்டேன்."

வழியில் செயின் கழன்றிருக்குமோ, மூன்று வாரத்தில் நான் வேறு எதையும் கெடுத்து வைத்திருக்கிறேனோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கு அது எல்லாம் பெரிய நஷ்டமில்லை. மறுநாளும் வெற்றிலைச் சைக்கிள் வரும். அந்தப் பெண்ணுக்குத்தான் மறுநாள் என்று ஒன்று இருக்கிறதா என்பது அந்த ரோட்டில் இருந்தது.

முதலில் வந்தது பாலிடெக்னிக்கிலோ காலேஜிலோ படிக்கிற நெட்டையான ஒரு பெண். கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு பேர் பக்கம் பக்கமாகத் தெரிந்தார்கள். தூசியில் முகம் தெரியவில்லை. கோட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போது அதில் ஒருத்தர் கை கீழே போய்ச் சட்டத்தைத் தொட்டது. செயின் சின்னப் பல்லுக்கு இறங்கியதை நான் கேட்டேன் என்று பிற்பாடு கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து, அந்தக் காற்றில், கேட்டிருக்க முடியாது. ஆனால் சைக்கிள் முன்னால் பாய்ந்ததைப் பார்த்தேன். ஒரு சக்கர அளவு முந்தி, டீச்சர் இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார்.

நேராக என்னிடம் வந்துதான் இறங்கினார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் செம்மண். சைக்கிளை எங்கே சாய்ப்பது என்று ஒரு நொடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு ஹேண்டிலை என் கையில் கொடுத்தார்.

"பிடிங்கண்ணே. ஸ்டாண்டு இல்லை."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானை பக்கம் போய்விட்டார். அங்கே அவரை வேறு டீச்சர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பேர் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். சைக்கிளை யாரும் திரும்பி வாங்க வரவில்லை. ஒரு கையில் ஹேண்டில், மறு கக்கத்தில் ஸ்டாண்டு, வெயிலில் அசையாமல் நின்றேன்.

டீக்கடைக்காரன் கொஞ்சம் தள்ளி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "மாப்ள, இப்பத்தான் இந்தச் சைக்கிளுக்குச் சரியான ஸ்டாண்டு மாட்டியிருக்கு."

நான் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டேன். அவன் பக்கம் திரும்பினால் சைக்கிள் சாயும்.